காஸ் தெரிகிறது, உயரம் தெரியவில்லை

1946 நவம்பர் 23 அன்று கனடாவின் ஒட்டாவா நகரில் பகுதி சூரிய கிரகணம். அங்கே தேசிய ஆராய்ச்சிக் குழுவில் வேலை பார்த்த ஆர்தர் கோவிங்டன், போர் முடிந்து மிஞ்சிய ரேடார் பாகங்களைக் கொண்டு கட்டிய சிறு ரேடியோ ரிசீவரைச் சூரியன் பக்கம் திருப்பி வைத்திருந்தார். அது 10.7 சென்டிமீட்டர் அலைநீளத்தில் வேலை செய்தது. கைக்குக் கிடைத்த கருவி அந்த அலைநீளத்தில் இருந்தது, அவ்வளவுதான். அந்த எண்ணை யாரும் யோசித்துத் தேர்ந்தெடுக்கவில்லை. நிலா சூரியனை மெல்ல மறைக்க, வரும் ரேடியோ அலையும் மெல்லக் குறைந்துகொண்டு வந்தது. ஒரு பெரிய சூரியப் புள்ளிக் கூட்டத்தை நிலாவின் விளிம்பு மூடிய நேரத்தில் மட்டும் அளவு திடீரென்று விழுந்தது. புள்ளியின் பரப்பையும் விழுந்த அளவையும் வைத்துக் கணக்குப் போட்டால், அந்தச் சிறு இடத்தின் வெப்பநிலை பத்து லட்சம் டிகிரிக்கு மேல் வந்தது.

கணக்கு சரிதான். ஆனால் சூரியப் புள்ளி கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிவதே, சுற்றுப்புறத்தைவிட அது குளிர்ந்த இடம் என்பதால்தான். சூரியனின் மேற்பரப்பு ஏறத்தாழ 5800 கெல்வின். பெரிய புள்ளியின் நடுப்பகுதி 4000 கெல்வின் அளவில் இருக்கும். கண் பார்க்கும் இடத்தில் இருட்டு, ரேடியோ பார்க்கும் இடத்தில் நெருப்பு. இரண்டும் ஒரே திசையில்.

செயற்கைக்கோள் தரைநிலையத்தில் வேலை பார்த்தவன் என்பதால் சூரியனின் ரேடியோ முகம் எனக்கு முதலில் ஒரு தொல்லையாகத்தான் அறிமுகமானது. மார்ச் மாதத்திலும், செப்டம்பர் இறுதியை ஒட்டிய நாட்களிலும் சூரியன் சரியாகச் செயற்கைக்கோளுக்குப் பின்னால் வந்து நிற்கும். சில நிமிடங்களுக்கு இணைப்பு இரைச்சலில் மூழ்கிவிடும். வீட்டில் டி.டி.எச். டிஷ் வைத்திருப்பவர்களும் இதைப் பார்த்திருப்பார்கள். பட்டப்பகலில், மழை மேகம் எதுவும் இல்லாமல் படம் உடையும். எங்களுடைய டிஷ் 11 மீட்டர். 4 ஜிகாஹெர்ட்ஸில் அதன் பார்வை அகலம் கிட்டத்தட்ட அரை டிகிரி, அதாவது சூரியனின் அகலமேதான். முன்கூட்டியே நேரத்தைக் கணக்கிட்டு வாடிக்கையாளர்களுக்கு அறிவிப்பு அனுப்புவோம். பிறகு மீட்டர் முள் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு டீ குடிப்போம். புள்ளிகள் நிறைந்த ஆண்டுகளில் முள் அதிகமாக ஏறும். புள்ளியே இல்லாத ஆண்டுகளில் அவ்வளவு ஏறாது. குளிர்ந்த, இருண்ட புள்ளிகள் எதற்காக இரைச்சலைக் கூட்ட வேண்டும் என்று அப்போது அங்கே யாரையும் கேட்க முடியவில்லை. பதிலைப் பிறகு நானே தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். பதில் காந்தப்புலம்.

புள்ளிகளில் காந்தப்புலம் இருக்கிறது என்பது 1908-லேயே தெரிந்துவிட்டது. கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சனில் ஜார்ஜ் எல்லரி ஹேல், புள்ளியிலிருந்து வரும் ஒளியின் நிறமாலைக் கோடுகள் பிளவுபட்டிருப்பதைப் பார்த்தார். காந்தப்புலத்தில் வைத்த வாயுவின் கோடுகள் அப்படிப் பிளக்கும் என்று அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் ஹாலந்தின் ஜீமன் கண்டறிந்திருந்தார். பிளவின் அளவு புலத்தின் வலிமையைச் சொல்லும். அந்த வலிமையை அளக்கும் அலகுதான் காஸ். பெரிய புள்ளிகளில் 2000 முதல் 4000 காஸ் வரை. நம் காலடியில் இருக்கும் பூமியின் புலம் அரை காஸுக்கும் குறைவு. அடுத்த ஆண்டு ஜனவரியில் நம் கொடைக்கானலில் ஜான் எவர்ஷெட், புள்ளியின் ஓரப் பகுதியில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார். இன்று நாசாவின் சூரிய விண்கலம் ஒன்று முழு வட்டின் காந்த வரைபடத்தைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை எடுத்து எல்லோருக்கும் திறந்து வைக்கிறது. காலையில் செய்தித்தாளுக்கு முன்பு நான் அதைத்தான் பார்க்கிறேன்.

ஆனால் இவை எல்லாம் சூரியனின் தோலில், அதாவது மேற்பரப்பில், எடுத்த அளவு. சூரியப் பெருவெடிப்புகள் நடப்பது தோலில் இல்லை, அதற்கு மேலே, பத்து லட்சம் டிகிரிக்கு மேல் கொதிக்கும் கரோனா என்ற வெளி வளிமண்டலத்தில். வெடிப்புக்கான ஆற்றல் அங்கே முறுக்கிக் கிடக்கும் காந்தப்புலத்தில் சேமிக்கப்பட்டிருக்கிறது. அந்தப் புலத்தை அளக்க ஜீமனின் வழி எளிதில் கைகொடுக்காது. மேலே போகப் போகப் புலம் குறையும், அதனால் பிளவும் குறையும். வெப்பத்தால் கோடுகள் தடித்துப்போய் அந்தச் சிறிய பிளவையும் மூடிவிடும். கரோனாவின் ஒளியோ வட்டின் ஒளியில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான். ஹவாயில் உள்ள நான்கு மீட்டர் சூரியத் தொலைநோக்கி அகச்சிவப்பில் இரும்பு அயனியின் கோடு ஒன்றைக் கொண்டு இதைச் சாதித்து, 2024-இல் கரோனா காந்தப்புல வரைபடம் வெளியிட்டது. பெரிய சாதனை, சந்தேகமில்லை. ஆனாலும் அது சூரிய விளிம்புக்கு வெளியே தெரியும் பகுதிக்குத்தான். நம்மை நேராகப் பார்த்துக்கொண்டிருக்கும் புள்ளியின் தலைக்கு மேல் என்ன இருக்கிறது என்று கேட்டால், ரேடியோவிடம்தான் போக வேண்டும்.

ரேடியோவுக்கும் சூரியனுக்கும் உள்ள உறவு போரில் தொடங்கியது. 1942 பிப்ரவரி இறுதியில் பிரிட்டனின் ரேடார்கள் ஒரே நேரத்தில் இரைச்சலில் செயலிழந்தன. அதே மாதம்தான் ஜெர்மன் போர்க்கப்பல்கள் பிரிட்டிஷ் ரேடார்களைக் குழப்பிவிட்டு ஆங்கிலக் கால்வாயைக் கடந்து போயிருந்தன. மறுபடியும் எதிரியின் வேலை என்று எல்லோரும் நினைத்தார்கள். விசாரிக்கச் சொல்லப்பட்ட ஜே. எஸ். ஹே, இரைச்சல் வரும் திசை சூரியனோடு நகர்வதையும், வட்டின் நடுவே ஒரு பெரும் புள்ளிக் கூட்டம் இருப்பதையும் கவனித்தார். ராணுவ ரகசியம் என்பதால் போர் முடியும் வரை வெளியே சொல்லவில்லை.

1946-இல் சிட்னியின் டோவர் ஹைட்ஸ் கடற்பாறை உச்சியில் ரூபி பெய்ன்-ஸ்காட், ஜோசப் பாசி, மெக்ரெடி மூவரும் செய்த வேலை எனக்கு இன்னும் பிடித்தது. ஒரே ஓர் ஆன்டெனா. சூரியன் கடலில் இருந்து எழும்போது நேராக வரும் அலையும் கடல்மட்டத்தில் பட்டுத் திரும்பும் அலையும் அதில் சேர்ந்து ஏற்ற இறக்கக் கோடுகளை வரையும். இரண்டாவது ஆன்டெனாவுக்குப் பணம் செலவழிக்காமல் பசிபிக் கடலையே பயன்படுத்திக்கொண்டார்கள். இரைச்சல் முழு வட்டிலிருந்தும் வரவில்லை, புள்ளிக் கூட்டத்தின் பக்கமிருந்துதான் வருகிறது என்று அதில் உறுதியானது. ரூபி திருமணமானதை மறைத்துக்கொண்டுதான் வேலையில் இருந்தார். அன்றைய ஆஸ்திரேலிய அரசு வேலையில் மணமான பெண்ணுக்கு நிரந்தரப் பணி கிடையாது. விஷயம் தெரிந்து 1950-இல் நிரந்தரப் பணி பறிபோனது. அடுத்த ஆண்டு அவர் துறையை விட்டே போனார். இதை ஒரு வரியில் கடந்துவிட எனக்கு மனம் வருவதில்லை. ஆனால் இங்கே சொல்லவந்தது வேறு.

அதே 1946-இல் மற்றொரு விஷயமும் தெரிந்தது. புள்ளிகளிலிருந்து வரும் ரேடியோ அலை திருகிக்கொண்டு வருகிறது. அலையின் மின்புலம் வலமாகச் சுழன்றபடி வரலாம், இடமாகச் சுழன்றபடி வரலாம். சாதாரண வெப்பத்தில் பிறக்கும் அலையில் இரண்டும் சமமாகக் கலந்திருக்கும். புள்ளியின் அலையில் ஒன்று ஓங்கியிருந்தது. எங்கே ஒரு சுழற்சி ஓங்குகிறதோ அங்கே காந்தப்புலத்தின் கை இருக்கிறது.

காந்தப்புலத்தில் அகப்பட்ட எலக்ட்ரான் புலக்கோட்டைச் சுற்றிச் சுழலும். வேகமான எலக்ட்ரான் பெரிய வட்டம் போடும், மெதுவானது சிறிய வட்டம் போடும். ஆனால் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் இரண்டுக்கும் ஒன்றே. விநாடிக்கு எத்தனை சுற்று என்பது புலத்தின் வலிமையை மட்டும் பொறுத்தது. ஒரு காஸுக்கு 28 லட்சம் சுற்று. தமிழ்நாட்டுக்கு மேலே அயனி மண்டலத்தில் பூமியின் புலம் 0.4 காஸுக்குச் சற்றுக் குறைவு. அங்கே எலக்ட்ரான் விநாடிக்குப் பத்து, பதினோரு லட்சம் முறை சுழல்கிறது. மத்திய அலை வானொலி ஒலிபரப்பும் அதே வரிசையில். கரோனாவின் வெப்பத்தில் எலக்ட்ரான்கள் இந்தச் சுழற்சி எண்ணின் இரண்டு மடங்கிலும் மூன்று மடங்கிலும் அலையை உறிஞ்சவும் உமிழவும் செய்கின்றன. நான்காம் மடங்கில் விளைவு மிகவும் பலவீனம். முதல் மடங்கில் பிறப்பது பெரும்பாலும் வெளியே தப்புவதில்லை.

இனி கோவிங்டனின் புதிர் அவிழ்கிறது. கரோனா வெப்பமானது, ஆனால் மிகவும் மெல்லியது. பெரும்பாலான மைக்ரோ அலைகளுக்கு அது கண்ணாடிபோல ஊடுருவிப் பார்க்கக்கூடியது. அதன் வெப்பம் நமக்கு முழுதாகத் தெரியாது. புள்ளியின் மேல் மட்டும், நாம் கேட்கும் அதிர்வெண் எலக்ட்ரானின் சுழற்சி எண்ணுக்கு இரண்டு அல்லது மூன்று மடங்காக இருக்கும் இடத்தில், நூறு இருநூறு கிலோமீட்டர் தடிமனுள்ள ஒரு மெல்லிய அடுக்கு மட்டும் திடீரென்று ஒளிபுகாததாகிவிடுகிறது. அந்த அடுக்கின் வெப்பம், பத்து லட்சம் டிகிரி, அப்படியே நமக்கு வந்து சேர்கிறது. கீழே உள்ள கறுப்புப் புள்ளியை ரேடியோ பார்ப்பதே இல்லை.

ஆக, அதிர்வெண்ணைத் திருகினால் காஸ் கிடைக்கிறது. 5 ஜிகாஹெர்ட்ஸில் கேட்டால் மூன்றாம் மடங்குக்கு ஏறத்தாழ 600 காஸ், இரண்டாம் மடங்குக்கு 900 காஸ். எலக்ட்ரானின் சுழற்சித் திசையோடு ஒத்துப்போகும் அலை 600 காஸ் பரப்பிலிருந்து வரும். எதிர்த் திசையில் சுழலும் அலை ஒளிபுகாத அடுக்கைச் சந்திக்க 900 காஸ் வரை கீழே இறங்கியாக வேண்டும். வலஞ்சுழி ஓங்கியிருந்தால் புலம் நம்மை நோக்கி வருகிறது, இடஞ்சுழி ஓங்கியிருந்தால் விலகிப் போகிறது. வலிமையும் திசையும் ஒரே கருவியில். சமன்பாட்டில் தெரியாத மாறிலி எதுவும் இல்லை. எலக்ட்ரானின் மின்னூட்டம், நிறை, ஒளியின் வேகம் மட்டும்தான். வானியலில் இப்படிச் சுத்தமாக ஓர் எண் கிடைப்பது அபூர்வம்.

இந்தக் கணக்கைச் சூரியப் புள்ளிகளுக்குப் பொருத்தி 1962-இல் வந்த அடிப்படைக் கட்டுரைகளில் ஒன்று சோவியத் ஒன்றியத்தின் ஷெலெஸ்னியாகோவ் எழுதியது. மற்றொன்றை ஜப்பானின் கக்கினுமாவோடு சேர்ந்து எழுதியவர் கோவிந்த் ஸ்வரூப். ஊட்டியைத் தெரிந்தவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். ஐம்பதுகளில் அவர் சிட்னியில் பயிற்சி பெற்றார். அங்கே பாட்ஸ் ஹில்லில் சூரியனைப் பார்த்து ஓய்ந்த ஆறடி டிஷ்கள் முப்பத்திரண்டு இந்தியாவுக்குக் கொடையாக வந்தன. அமெரிக்காவிலிருந்து திரும்பியதும் மும்பைக்கு அருகே கல்யாணில் அவற்றை வரிசையாக நிறுத்தி மறுபடியும் சூரியனையே பார்த்தார். அதற்குப் பிறகுதான் 1970-இல் இயங்கத் தொடங்கிய ஊட்டி ரேடியோ தொலைநோக்கி.

முத்தோரையில் அந்தத் தொலைநோக்கியின் அருகே நின்றால் முதலில் அது தொலைநோக்கியாகவே தெரியாது. மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத்துக்கு இருபத்துநான்கு பரவளையச் சட்டங்கள். அவற்றின் மேல் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இழுத்துக் கட்டிய ஆயிரத்து நூறு மெல்லிய எஃகுக் கம்பிகள். வெயில் ஒரு கோணத்தில் விழும்போது மட்டும் கம்பிகள் தெரியும், இல்லாவிட்டால் சட்டங்களுக்கு நடுவே தேயிலைத் தோட்டம்தான் தெரியும். சரிவின் சாய்வு அந்த இடத்தின் அட்சரேகைக்குச் சமமாக, பதினோரு டிகிரி. அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிடுகிறது. ஒரே அச்சில் உருட்டினால் போதும், வானப்பொருளை மணிக்கணக்கில் தொடரலாம். மலையையே கருவியின் பாகமாக்கிய புத்தி. ஆனால் தான் எழுதிய சூத்திரத்தை ஸ்வரூப் அந்தக் கருவியில் பயன்படுத்தியிருக்க முடியாது. அது கேட்பது 326.5 மெகாஹெர்ட்ஸ், மூன்றாம் மடங்குக் கணக்கில் 39 காஸ். அந்த அதிர்வெண்ணில் கரோனாவின் அடர்த்தியே திரையாகி மறைத்துவிடும். போதாததற்கு அதன் இருமுனை ஆன்டெனாக்கள் எல்லாம் வடக்கு தெற்காகவே நிற்கின்றன, வலஞ்சுழியையும் இடஞ்சுழியையும் பிரித்தறிய அவற்றால் ஆகாது. அதன் பிறப்பே வேறு காரியத்துக்கு: நிலா தொலைதூர ரேடியோ மூலங்களை மறைக்கும் நொடிகளைப் பதிவு செய்வதற்கு.

இப்போது இந்த முறையின் உண்மையான சிக்கலுக்கு வருகிறேன். பிரபலக் கட்டுரைகளில் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

புள்ளிக்கு மேலே ஒரே வலிமையுள்ள இடங்களையெல்லாம் சேர்த்தால் கவிகைபோல ஒரு பரப்பு வரும். 2000 காஸ் பரப்பு சிறியதாகத் தாழ இருக்கும். அதை மூடிக்கொண்டு 1000 காஸ் பரப்பு. அதையும் மூடிக்கொண்டு 600. எவர்சில்வர் பாத்திரங்களை அளவு வாரியாக ஒன்றின்மேல் ஒன்று கவிழ்த்து வைத்ததுபோல. ஒவ்வோர் அதிர்வெண்ணும் ஒரு பாத்திரத்தைக் காட்டும். அது 600 காஸ் பாத்திரம் என்று சத்தியம் செய்து சொல்லலாம். அது தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கேட்டால் ரேடியோ வாய் திறக்காது. மேலிருந்து பார்க்கிறோம். 600 காஸ் பரப்பு நாலாயிரம் கிலோமீட்டரில் இருந்தாலும் பத்தாயிரத்தில் இருந்தாலும் படத்தில் ஒரே வெள்ளைத் திட்டுதான்.

உயரத்தைப் பிடிக்கப் பட்ட பாடுதான் இந்தத் துறையின் வரலாறு என்றே சொல்வேன். சூரியன் சுழல்வதால் புள்ளி விளிம்பை நோக்கி நகரும்போது, உயரத்தில் உள்ள ரேடியோ திட்டு புள்ளியிலிருந்து விளிம்புப் பக்கமாக விலகித் தெரியும், விலகலிலிருந்து உயரம். கேட்க எளிது. ஆனால் நாட்கணக்கில் புள்ளி மாறாமல் இருக்க வேண்டுமே, அது இருக்காது. இன்னொரு வழி, தோலில் அளந்த காந்த வரைபடத்தை வைத்துக்கொண்டு மேலே புலம் எப்படி விரியும் என்று கணினியில் கட்டுவது. அந்த மாதிரியில் 600 காஸ் எந்த உயரத்தில் வருகிறது, எவ்வளவு அகலம் என்று பார்த்து ரேடியோ படத்தோடு ஒப்பிடுவார்கள். பொருந்தாவிட்டால் மாதிரியில் கோளாறு. கரோனா மாதிரி எழுதுபவர்கள் தங்கள் வேலையைச் சரிபார்க்க இதைவிடக் கறாரான தணிக்கையாளரைத் தேடிப் பிடிக்க முடியாது. உயரம் சொல்லாத முறை, உயரம் சொல்லும் மாதிரிகளைத் தேர்வில் பாஸ் பண்ண வைக்கிறது அல்லது ஃபெயிலாக்குகிறது.

படம் சில சமயம் வெள்ளைத் திட்டாகவும் வருவதில்லை. ஹாலந்தின் வெஸ்டர்போர்க் ஆன்டெனா வரிசையில் ஆறு சென்டிமீட்டர் அலைநீளத்தில் எடுத்த படங்களில் அலிசாண்ட்ராகிஸும் முகுல் குண்டுவும் புள்ளியின் மேல் ஒரு வளையத்தைப் பார்த்தார்கள். நடுவில் பிரகாசம் குறைவு. புலக்கோடு நேராக நம்மை நோக்கி வரும் இடத்தில் இந்த உறிஞ்சல் ஏறத்தாழ இல்லாமலே போய்விடும் என்று கோட்பாடு முன்பே சொல்லியிருந்தது. புள்ளியின் நடுவில் கோடுகள் செங்குத்து, ஓரத்தில் சாய்வு. எனவே வளையம். புலத்தின் வலிமை மட்டுமல்லாமல் சாய்வும் அதில் எழுதப்பட்டிருக்கிறது.

கரோனாவில் புலத்தின் மேல்வரம்பைப் பிடிக்கும் வழி இன்னும் நேரடியானது. அதிர்வெண்ணைக் கூட்டிக்கொண்டே போனால் பரப்பு கீழே இறங்கிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் கரோனாவின் அடித்தளத்தைத் தாண்டி, குளிர்ந்த பகுதிக்குள் புகுந்துவிடும். அப்போது பிரகாசம் விழும். எந்த அதிர்வெண்ணில் விழுகிறதோ அதற்குரிய காஸ்தான் கரோனாவின் அடித்தளத்தில் உள்ள உச்சப் புலம். ஜப்பானின் நொபேயாமாவில் 1992 முதல் 2020 வரை எண்பத்துநான்கு சிறிய டிஷ்கள் தினமும் இந்த வேலையைச் செய்தன. ஒவ்வொன்றும் 80 சென்டிமீட்டர், வீட்டு மாடி டிஷ்ஷைவிடக் கொஞ்சம் பெரிது. 17 ஜிகாஹெர்ட்ஸில் சூரிய வட்டு ஏறத்தாழ பத்தாயிரம் கெல்வினில் சீராகத் தெரியும். ஒரு புள்ளியின் நடுவில் மட்டும் பல மடங்கு பிரகாசமாக, கிட்டத்தட்ட முழுவதும் ஒரே சுழியில் ஒரு திட்டு தெரிந்தால், அங்கே கரோனாவுக்குள்ளேயே 2000 காஸ் இருக்கிறது என்று பொருள். 2017 செப்டம்பரில் வந்த 12673 என்ற எண்ணுள்ள செயல்மண்டலத்தில் (புள்ளிக் கூட்டமும் அதைச் சுற்றிய காந்தப் பகுதியும்), 34 ஜிகாஹெர்ட்ஸிலேயே அப்படித் தெரிந்தது. கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 4000 காஸ். சாதாரணப் பெரிய புள்ளியின் தோலில் இருக்கும் புலம், அங்கே கரோனாவின் அடியிலேயே இருந்தது.

அந்தக் கருவியை 2020-இல் மூடினார்கள். மூடுவதாக இருந்ததைப் பல நாட்டு ஆய்வாளர்கள் கூட்டுச் சேர்ந்து சில ஆண்டுகள் தள்ளிப்போட்டார்கள், அதற்கு மேல் முடியவில்லை. இரண்டே அதிர்வெண்கள்தான் அதில் இருந்தன, உண்மை. ஆனால் இருபத்தெட்டு ஆண்டுகள் ஒரே கருவியால் இடைவிடாமல் எடுத்த படவரிசைக்கு மாற்று கிடையாது. இந்த விஷயத்தில் கனடாவைப் பாராட்ட வேண்டும்: கோவிங்டன் தொடங்கிய 10.7 சென்டிமீட்டர் அளவு 1947-இலிருந்து இன்றுவரை, இப்போது பென்டிக்டனில், தினமும் எடுக்கப்படுகிறது. செயற்கைக்கோள்களின் பாதையைக் கணிப்பவர்கள் அந்த எண்ணைத்தான் உள்ளிடுகிறார்கள்.

12673 மண்டலம் இன்னொரு பரிசையும் கொடுத்துவிட்டுப் போனது. செப்டம்பர் 10 அன்று சூரியனின் மேற்கு விளிம்பில் இருந்தபடி அது வெடித்தது. விளிம்பு என்பதால் பக்கவாட்டுப் பார்வை, உயரம் நேரடியாகவே தெரிகிறது. கலிபோர்னியாவின் ஓவன்ஸ் பள்ளத்தாக்கில், நியூ ஜெர்சி தொழில்நுட்பக் கழகம் நடத்தும் 2.1 மீட்டர் டிஷ்கள் பதின்மூன்று, 1 முதல் 18 ஜிகாஹெர்ட்ஸ் வரை பல நூறு அதிர்வெண்களைத் துழாவும் வசதியோடு அப்போதுதான் தயாராகியிருந்தன. வெடிப்பில் எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்கிவிடுவதால் மேலே சொன்ன எளிய மடங்குக் கணக்கு அங்கே செல்லாது. நிறமாலையின் முழு வடிவத்தையும் பொருத்தித்தான் புலத்தை எடுக்க வேண்டும். கிரிகரி ஃப்ளெய்ஷ்மன் குழு அதைச் செய்து 2020-இல் வெளியிட்டது. கரோனாவின் அந்த இடத்தில் காந்தப்புலம் விநாடிக்கு ஏறத்தாழ 5 காஸ் வேகத்தில், சுமார் இரண்டு நிமிடத்துக்குக் குறைந்துகொண்டே போனது. வெடிப்புக்குத் தேவையான ஆற்றலைத் தர அந்தக் குறைவு போதும். காந்த ஆற்றல்தான் வெடிப்பாக மாறுகிறது என்று பல பத்தாண்டுகளாகச் சொல்லப்பட்டதை, அது மாறிக்கொண்டிருக்கும்போதே அளந்தார்கள்.

ஓவன்ஸ் பள்ளத்தாக்கு வரிசை சூரியனின் அன்றாடப் படங்களைப் பல அதிர்வெண்களில் இணையத்தில் வெளியிடுகிறது. அடுத்த பெரிய புள்ளி வட்டின் நடுவுக்கு வரும் நாளில் ஒரு திரையில் நாசாவின் காந்த வரைபடத்தையும் மறுதிரையில் இந்தப் படங்களையும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். குறைந்த அதிர்வெண்ணிலிருந்து கூட்டிக்கொண்டே போங்கள். முதலில் செயல்மண்டலம் முழுவதையும் மூடிய மங்கலான பரந்த திட்டு தெரியும். பிறகு அது சுருங்கி, பிரிந்து, ஒவ்வொரு பெரிய புள்ளியின் மேலும் தனித்தனியாக நிற்கும். அதன்பின் சின்னப் புள்ளிகளின் மேல் உள்ளவை ஒவ்வொன்றாக மறையும். கடைசித் திட்டு மறைவதற்கு முந்தைய படத்தின் அதிர்வெண்ணை மெகாஹெர்ட்ஸில் எழுதி 8.4-ஆல் (ஒரு காஸுக்கு 2.8 மெகாஹெர்ட்ஸ், அதன் மூன்று மடங்கு) வகுத்தால், அந்தப் புள்ளியின் தலைக்கு மேல் கரோனாவில் குறைந்தது எத்தனை காஸ் இருக்கிறது என்பது உங்கள் கையில்.